நூற்று மூன்றில் ஒரு முப்பாட்டன்

கோதண்டத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரு ஆத்திரம் உண்டு. ரேஷன் கார்டில் அவர் பேர் இல்லை.

சிரிக்காதீர்கள். அரிசிக்காக அழுகிற ஆள் இல்லை அவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் டர்னர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கை நிறைய இல்லாவிட்டாலும் வயிறு நிறையச் சம்பாதிக்கிறவர். கல்யாணமான கையோடு பாடியில் இருந்த அவருடைய அண்ணன், ‘நீதான் மாமியார் ஊட்டோட பூட்டியே’ என்று தன் கார்டிலிருந்து தம்பி பேரை எடுத்துவிட்டார். திருமுல்லைவாயிலில் மச்சான் வீட்டு மாடியில், ஷீட் போட்ட ஒற்றை அறையில், கோதண்டம் குடிவந்தார். ‘அடுத்த மாசம் நம்ம கார்டுல சேத்துடலாம் மாப்ளே’ என்றார் மச்சான். அந்த அடுத்த மாசம்தான் இன்னும் வரவில்லை. மனைவி விஜியின் பேர் அந்தக் கார்டில் சின்ன வயசிலிருந்தே இருக்கிறது. மகள் ஜோதிகா பிறந்தாள், அவள் பேர் ஏறியது. மாமியார் போய்ச் சேர்ந்தார். அவர் பேர் அதற்கப்புறமும் ஒன்பது வருஷம் சர்க்கரை வாங்கியது. புத்தகமாக இருந்த கார்டு பிளாஸ்டிக் அட்டையாக மாறியது. செத்தவருக்கு இடம் இருந்த கார்டில், அதே வீட்டு உலைச் சோற்றை மூன்று வேளையும் தின்கிற மனிதருக்கு இடம் இல்லை.

ஏன் இல்லை? அதைச் சொல்லத்தான் உங்களுக்கு ஒரு ரகத்து ஆளை அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது.

உலகத்தில் கிணறு தோண்டுகிறவர்கள் உண்டு, அடுத்தவனுக்குக் குழி தோண்டுகிறவர்கள் உண்டு, நேற்றுப் போட்ட ரோட்டை இன்றைக்குத் தோண்டுகிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லாரையும்விட ஆழமாகத் தோண்டுகிற ஒரு ரகம் இருக்கிறது. அதற்குப் பேர் வம்சந்தோண்டி.

இந்த ரகம் வேலையில் இருக்கிற வரைக்கும் முழுசாகத் தலையைக் காட்டாது. பணி ஓய்வு அன்றைக்குப் போட்ட மாலை வாடுவதற்குள் முளைத்துவிடும். கையில் ஜிப் வைத்த பை, பைக்குள் ஃபைல், ஃபைலுக்குள் நகல், நகலுக்கு ஒரு நகல், சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் பக்கத்து இலைக்காரரைப் பார்த்து, ‘உங்க தாத்தாவோட தாத்தா பேரு இன்னா?’ என்று கேட்கும். அவர் கையில் எடுத்த வடையோடு முழிப்பார். அந்த முழியில் இதற்கு ஒரு ஜாங்கிரி அதிகமாகக் கிடைத்த திருப்தி. சாவு வீடு இன்னும் மோசம். வாசலில் மேளம் அதிர்ந்துகொண்டிருக்கும், பெண்கள் மாரில் அடித்துக்கொண்டிருப்பார்கள், இது மட்டும் மூத்த மகனின் காதில் குனிந்து, ‘நைனா எந்த வருசம் பொறந்தாரு? ரெக்கார்டு எதுனா கீதா?’ என்று விசாரித்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு குணத்தையும் கவனித்திருப்பீர்கள். தோண்டுகிற எவருக்கும் சின்ன ஆள் கிடைப்பதே இல்லை. எல்லார் முப்பாட்டனும் குதிரையில்தான் வந்தார். எல்லார் முப்பாட்டனும் ஏரி வெட்டினார், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தார், வெள்ளைக்காரத் துரையை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். அந்தக் காலத்தில் ஆடு திருடினவன், கள்ளைக் குடித்துவிட்டுக் கால்வாயில் விழுந்தவன், பெண்டாட்டியிடம் முறத்தால் அடி வாங்கினவன் எல்லாரும் வாரிசு இல்லாமலே செத்துப் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எல்லாம் எங்கே?

கோதண்டத்தின் தலையில் வந்து விடிந்த வம்சந்தோண்டி, அவருடைய மச்சான் உத்தமன்.

உத்தமன் பாடியில் ஒரு பழைய தொழிற்சாலையின் ஸ்டோரில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர். அங்கே மாலையில் ஒரு நட்டு குறைந்தால்கூட, மொத்தச் சரக்கையும் திரும்ப எண்ணிவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார். அப்படிப்பட்ட ஆள். அவருடைய முன்னோர்கள் பாரிவாக்கத்துக்கு அந்தண்டை நொச்சித்தாங்கல் என்ற குட்டி ஊரில், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள். ஊரில் எல்லாருக்கும் தெரியும். உத்தமனுக்கும் தெரியும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் உத்தமனுக்கு வெட்கமாக இருந்தது.

அதனால் ஒரு முப்பாட்டனைப் பிடித்தார். பேர் வேம்புலி. பேர் மட்டும்தான் நிஜமாகக் கிடைத்தது. மற்றதை உத்தமனே தைத்துக் கொடுத்தார். முதல் வருஷம் அந்த வேம்புலி நல்ல உழைப்பாளியாக இருந்தார். இரண்டாம் வருஷம் ஏரிக்கரை உடைப்பில் மண் மூட்டை போட்டார். மூன்றாம் வருஷம் மூட்டையை எடுத்துவிட்டு, உடைப்பில் தானே குறுக்கே படுத்து ஊரைக் காப்பாற்றினார். இப்போது அவர் கையில் ஒரு வாளும் வந்திருக்கிறது. தண்ணீரை எதற்கு வாளால் வெட்டினார் என்று கோதண்டம் ஒருநாள் கேட்டார். ‘படிக்காத ஆளாண்ட ரெக்கார்டு பத்திப் பேசி இன்னா புரோஜனம்?’ என்று உத்தமன் எழுந்து போய்விட்டார்.

ரேஷன் கார்டுக்கும் அதே ரெக்கார்டுதான் காரணம். ‘அது வம்சத்தோட கார்டு மாப்ளே. அதுல வெளி ஆளு பேரு ஏறிச்சின்னா, நூறு வருசம் கழிச்சி எவனாச்சும் எடுத்துப் பாக்கறப்ப கொழம்பிப் பூடுவான்’ என்பார். நூறு வருஷம் கழித்து வரப்போகிற அந்த எவனோ ஒருவன் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக, கோதண்டம் இருபத்திரண்டு வருஷம் பேர் இல்லாமல் காத்திருந்தார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கோதண்டம் வெளி ஆள் இல்லை. வாரத்தில் ஆறு நாள் இரும்பைக் கடைந்துவிட்டு ஏழாம் நாள் காலை நீட்டலாம் என்று பார்த்தால், கீழே இருந்து ஹாரன் அடிக்கும். கோதண்டத்தின் பைக்தான், அடிக்கிற கை உத்தமனுடையது. கோதண்டம் ஓட்ட, பின்னால் உத்தமன் உட்கார, இரண்டு பேருக்கும் நடுவில் வம்சம் ஒரு ஃபைலாகப் புடைத்துக்கொண்டு முதுகில் குத்தும். பூந்தமல்லி, ஆவடி, திருவள்ளூர் என்று சுற்றாத ஊர் இல்லை, தூசி தட்டாத பீரோ இல்லை. பெட்ரோலும் கோதண்டம், தும்மலும் கோதண்டம்.

அப்படி ஒருநாள், லீவு போட வைத்து, எழும்பூரில் பழைய ஆவணங்கள் இருக்கிற கட்டடத்துக்குக் கூட்டிப் போனார். பழைய சென்சஸ் புத்தகத்தில் வேம்புலியின் பேரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். மனுப் போட்டு, உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டின பிறகு, பொட்டுப் பொட்டாக ஒடிகிற தாளோடு ஒரு பெரிய புத்தகம் வந்தது. உத்தமன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதைத் திறந்தார். நொச்சித்தாங்கல் என்ற வரி இருந்தது. அந்த வரியில் வீடு நாற்பத்தொன்று, ஆண் நூற்று மூன்று, பெண் தொண்ணூற்றெட்டு. அவ்வளவுதான்.

“பேருங்க எங்க சார்?” என்றார் உத்தமன்.

“பேரு இருக்காதுங்க. வீடு வீடா எழுதின தாளெல்லாம் கூட்டிப் பாத்துட்டு அப்பவே கழிச்சிடுவாங்க. தொகைதான் நிக்கும்” என்றார் அங்கே இருந்த ஊழியர், பொறுமையாக.

வேறு யாராக இருந்தாலும் புத்தகத்தை மூடிவிட்டு எதிரே டீ குடிக்கப் போயிருப்பார்கள். வம்சந்தோண்டி மூடுவதற்குத் திறப்பதில்லை. உத்தமன் பூதக்கண்ணாடியை அந்த நூற்று மூன்றின் மேல் வைத்து, கண்ணில் தண்ணீர் வர, “மாப்ளே, இதுல ஒண்ணு என் முப்பாட்டன்டா” என்றார்.

“எது மச்சான்? மொதல்ல நிக்கிற ஒண்ணா, கடைசில கீற மூணா?”

பதிலுக்கு நகல்தான் வந்தது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, பெரிதாக்கி, லேமினேஷன் செய்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். ஆயுத பூஜை அன்றைக்கு எல்லார் வீட்டிலும் வண்டிக்கும் கத்திக்கும் பொட்டு வைத்தார்கள். திருமுல்லைவாயிலில் ஒரு வீட்டில் மட்டும் நூற்று மூன்று என்ற நம்பருக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சரம் சாத்தி, கற்பூரம் காட்டினார்கள். தொண்ணூற்றெட்டுக்கு ஒன்றும் இல்லை. “அந்தத் தொண்ணூத்தெட்டும் பூசை சாமான கழுவிகினு இருக்கும்” என்றாள் உத்தமனின் மனைவி ஷோபனா, தட்டைக் கழுவிக்கொண்டே.

இதற்குள் உத்தமன் வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கியிருந்தார். சொந்தக்காரர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர். ‘வேம்புலி வம்சத்தார் ஒன்றுகூடல்’ என்று சின்ன மண்டபம் ஒன்றைப் பிடித்து, தேதி குறித்து, பத்தடிக்கு ஃபிளெக்ஸும் அடித்தாயிற்று. உச்சியில் வாளோடு வேம்புலி. முகத்துக்கு உத்தமனின் இருபத்தைந்து வயசுப் போட்டோ. அதற்குக் கீழே கிளை கிளையாகப் பேர்கள். கோதண்டம் வேலை முடிந்து எண்ணெய்க் கையோடு வந்து, கூடத்தில் விரித்திருந்த ஃபிளெக்ஸைக் குனிந்து தேடினார். விஜி இருந்தாள். விஜிக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஜோதிகா.

“மச்சான், ஜோதிகா இன்னா வாழக்கன்னா? விஜி பக்கத்துல தானா மொளச்சிதா?”

“மருமவனுங்க பேரெல்லாம் போட்டா மரம் அடைசலா பூடும் மாப்ளே.”

“உனுக்குப் பரவால்ல தம்பி” என்றாள் ஷோபனா. “என் பேரும்தான் இல்ல. என் புள்ள கிஷோரு நேரா அவங்க அப்பா வயித்துலதான் பொறந்தான் போலக்கீது.”

உத்தமன் ஃபிளெக்ஸைச் சுருட்டினார்.

இந்த நேரத்தில்தான் சர்க்கார் கணக்கெடுப்பு வந்தது. செத்தவர்களை எண்ணுகிற கணக்கு இல்லை. உயிரோடு இருக்கிறவர்களை எண்ணுகிற நிஜமான கணக்கு. தெருவுக்குக் கஸ்தூரி டீச்சர் வரப்போகிறார் என்று சொன்னார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், தெற்கத்திக் குடும்பம், தமிழ் டீச்சர். செல்போனும் கையுமாகச் சனிக்கிழமை காலையில் வருவார்.

கோதண்டம் யாரிடமும் சொல்லாமல் பட்டறையில் அரை நாள் பர்மிஷன் போட்டார். நகக்கண்ணில் இருந்த கிரீஸைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தார். பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டு, தலையைப் படிய வாரி, மாடிப்படியின் கடைசிப் படியில், போட்டோ பிடிக்கப் போகிறவர் மாதிரி நின்றார். ரேஷன் கார்டு உத்தமனுடையது. ஃபிளெக்ஸ் உத்தமனுடையது. கணக்கெடுப்பு அப்படி இல்லையே? அது சர்க்காருடையது. ஊரில் இருக்கிற ஆட்டையும் மாட்டையும்கூட எண்ணுகிற சர்க்கார், தன்னையா விட்டுவிடும்?

டீச்சர் வந்தார். தண்ணீர் குடித்தார். சுவர் சிமெண்டா, கூரை ஓடா, கழிப்பறை உண்டா என்று கேட்டார். உத்தமன் ஒவ்வொன்றுக்கும் வேம்புலி காலத்திலிருந்து பதில் சொன்னார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. டீச்சர் கட்டைவிரல் செல்போன் மேலேயே நின்றது.

“சரிங்க சார். வீட்ல மொத்தம் எத்தனை பேரு?”

“அஞ்சு பேரு” என்றார் உத்தமன். “நானு, என் சம்சாரம், பையன் கிஷோரு, தங்கச்சி விஜி, அது பொண்ணு ஜோதிகா.”

டீச்சர் மாடிப்படியைப் பார்த்தார். “இவங்க?”

“தங்கச்சி ஊட்டுக்காரரு. நம்ம மாப்ள.”

“இங்கதான தங்கியிருக்காங்க?”

“தங்கிகினுதான் கீறாரு. ஆனா பாடிக்காரரு. அவங்க வம்சம் அங்க. அங்கியே எழுதிப்பாங்க.”

“அப்படி இல்ல சார். மாடிக்குத் தனி அடுப்பா?”

“தனி அடுப்பு ஏது? டீ போடக்கூட கீழதான் வரணும். அல்லாம் ஒரே ஒலதான்.”

“ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க ஒரே குடும்பம் சார். அதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்த கணக்கு. அப்ப ஆறு பேரு.”

“குடும்பம் வேற, வம்சம் வேற டீச்சர்” என்று உத்தமன் நாற்காலியில் நிமிர்ந்தார். “நான் முப்பத்தாறு வருசம் ஸ்டாக்கு பாத்தவன். அடுத்த குடோன் சரக்க நம்ம லிஸ்ட்ல ஏத்தினா ரெண்டு எடத்துலயும் கணக்கு ஒதைக்கும். அஞ்சே போடுங்க.”

டீச்சருக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி, வெளியே வெயில். “நான் அடுத்த வாரம் வரேன் சார். பேசி வைங்க” என்று அந்த வீட்டை அரைகுறையாக நிறுத்திவிட்டுப் போனார்.

கோதண்டம் மாடிக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு பாடியில் இருக்கிற அண்ணனுக்குப் போன் போட்டார்.

“அண்ணா, அங்க கணக்கெடுக்க வந்தாங்களா?”

“வந்தாங்க.”

“என் பேரு சொன்னியா?”

“உன் பேரு எதுக்குடா? நீ இன்னா இங்கியா கீற?”

அவ்வளவுதான் பேச்சு. நூற்று நாற்பது கோடியில் ஒரு ஆள் குறைந்தால் நாட்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அந்த ஒரு ஆள் நீங்களாக இருந்து பாருங்கள். விஜி டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி, மேலே ஆடை கட்டி, அப்படியே இருந்தது.

மறுநாள் ஞாயிறு. கீழே ஹாரன். கோபம் வேறு, ஞாயிற்றுக்கிழமை வேறு. கோதண்டம் இறங்கி வந்து வண்டியை எடுத்தார். பாரிவாக்கத்தில் பழைய கணக்குப்பிள்ளை வீட்டை இடிக்கிறார்களாம். அந்தக் காலத்தில் ஊர் ஊராக வீட்டுக்கு நம்பர் போட்டு ஆள் எண்ணினது கணக்குப்பிள்ளைகள்தான் என்று உத்தமன் எங்கேயோ கேட்டிருந்தார். அடுக்குமாடி கட்டுவதற்காக வீட்டை இடித்துக்கொண்டிருந்த பேரன் லட்சுமணன், பழைய பேப்பர்காரனுக்கு என்று கட்டி வைத்திருந்த மூட்டையைக் காட்டி, “எத வேணா எடுத்துக்கங்க, எடத்த காலி பண்ணா போதும்” என்றார். மூட்டையைக் கொட்டிக் கிளறினார்கள். கிளறினது கோதண்டம். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, அட்டை போன ஒரு நோட்டு வந்தது. மேல் பக்கத்தில் நொச்சித்தாங்கல் என்று எழுதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று என்று போட்டிருந்தது. கணக்குப்பிள்ளை தன் ஞாபகத்துக்காக எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு.

கொக்கியும் சுழியுமாகப் புள்ளியே வைக்காத பழைய கையெழுத்து. ஒரு வரிகூடப் படிக்க ஓடவில்லை. ஆனால் பதினேழாம் நம்பர் வீட்டில் இரண்டு பேர்கள் உத்தமனின் கண்ணில் அகப்பட்டன: வேம்புலி, துலுக்கானம். துலுக்கானம் அவருடைய தாத்தா. உத்தமன் இடிந்த செங்கல் மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். “கெடச்சிட்டான் மாப்ளே! பேரோட கெடச்சிட்டான்!” கோதண்டத்துக்குக்கூட ஒரு மாதிரி ஆகிவிட்டது. தன் பேர் ஒரு தாளில் இருப்பது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று அந்த வாரம் அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

அடுத்த சனிக்கிழமை டீச்சர் திரும்பி வந்தபோது உத்தமன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். தமிழ் டீச்சர் அல்லவா! கணக்கு அப்புறம், முதலில் இதைப் படிக்க வேண்டும். கூடத்தில் நாற்காலி போட்டு, சந்தனம் கொடுத்து, நோட்டை வெள்ளித் தட்டில் வைத்து நீட்டினார். வீடே கூடிவிட்டது. ஜோதிகா செல்போனில் வீடியோ எடுக்க வேண்டும் என்று உத்தரவு. வாட்ஸப் குழுவுக்கு அனுப்ப. கோதண்டம் அன்றைக்கு நல்ல சட்டை எதுவும் போடவில்லை. பட்டறைக்குக் கிளம்புகிற பனியனோடு படியில் உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கொஞ்ச நேரம் எழுத்தைப் பழகிப் பார்த்துவிட்டு, வகுப்பில் படிக்கிற குரலில் உரக்கப் படித்தார்.

“வீடு பதினேழு. கூரை வீடு. தலைக்கட்டு... அங்கம்மாள். கைம்பெண். வயது ஐம்பத்தைந்து. கூலி.”

“தலைக்கட்டுன்னா ஊட்டுத் தலைவரு, அது வேம்புலியா இருக்கும், நல்லா பாருங்க டீச்சர்.”

“அங்கம்மாள்னுதான் சார் இருக்கு. அடுத்து, அவள் மகள் முனியம்மாள், வயது இருபத்தாறு, கூலி. பேரன் துலுக்கானம், வயது எட்டு.” டீச்சர் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார். “மருமகன் வேம்புலி. வயது முப்பது. எந்த ஊர் என்று கேட்டதற்கு விவரம் இல்லை. மாமியார் வீட்டோடு இருப்பு. தனி அடுப்பு இல்லை. அங்கம்மாள் சொல்லின்பேரில் இவ்வீட்டோடு சேர்த்து எழுதியது.”

சட்டத்துக்குள் இருந்த நூற்று மூன்றும் மூச்சு விடவில்லை.

முதலில் பேசினது விஜி. “அண்ணே, அப்ப முப்பாட்டனும் ஊட்டோட மாப்ளதானா?”

“அதுவும் ஊரு பேரு தெரியாத ஆளு” என்றாள் ஷோபனா, மிகவும் மரியாதையான குரலில். “அந்தம்மா மட்டும் எழுதுன்னு சொல்லலன்னா, நம்ம மரத்துக்கு ஆணி வேரே இல்ல.”

“ஜோதி, போன ஆஃப் பண்ணு!” என்று கத்தினார் உத்தமன். “அத்த அழி!”

“அழிச்சிட்டேன் மாமா” என்றாள் ஜோதிகா. அழித்தாளா இல்லையா என்பதை நூறு வருஷம் கழித்து ரெக்கார்டு சொல்லும்.

கோதண்டத்துக்குச் சொல்வதற்கு இருபத்திரண்டு வருஷ வார்த்தை இருந்தது. ஆனால் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைப் பார்த்தபோது, அந்த நூற்று மூன்றில் ஒன்று, யாருடைய ஊரிலோ யாருடைய வாசலிலோ, எழுதுவார்களா மாட்டார்களா என்று தலையை வாரிக்கொண்டு நின்றது அவருக்குத் தெரிந்தது. வாள் எதுவும் இல்லை அதன் கையில். பழைய சோற்றுச் சட்டி வேண்டுமானால் இருந்திருக்கலாம்.

டீச்சர் நோட்டைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டுச் செல்போனை எடுத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று கேட்டால், சர்க்கார் வேலையில் சிரிக்கக் கூடாது.

“சொல்லுங்க சார். மொத்தம் எத்தனை பேரு?”

முப்பத்தாறு வருஷம் ஸ்டாக் பார்த்தவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். தன்னையும் சேர்த்து ஒவ்வொருவராக எண்ணினார். ஷோபனாவை எண்ணினார், கிஷோரை எண்ணினார், விஜியை, ஜோதிகாவை. படிக்கட்டு வந்தது. அங்கே கொஞ்சம் நின்றார்.

“ஆறு” என்றார்.

“பேரு சார்?”

“கோதண்டம்” என்றார் உத்தமன். அவர் வாயிலிருந்து அந்தப் பேர் வந்து ரொம்ப நாளாகிவிட்டிருந்தது. மாப்ளே மாப்ளே என்றே கூப்பிட்டுப் பழகினவருக்கு, அது வேறு யாரோ ஒருவருடைய பேர் மாதிரி கேட்டிருக்கும். படியில் இருந்தவர் எழுந்து நின்றார். பனியனோடுதான். தலைகூட வாரவில்லை.

ஒன்றுகூடல் நடந்ததா? நடந்தது. ஃபிளெக்ஸ் மாறியதா? அது எப்படி மாறும், பத்தடி அடித்தது. வாளோடு வேம்புலி மண்டப வாசலில் நின்றார். உத்தமன் மைக்கைப் பிடித்து ஒரு மணி நேரம் பேசினார்; ஏரி உடைப்பு வந்தது, வாள் வந்தது, இந்தத் தடவை ஒரு குதிரையும் புதிதாக வந்தது. கடைசி வரிசையில் ஷோபனாவும் விஜியும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வம்சந்தோண்டி திருந்துவதில்லை. கிடைத்ததை மூடிவிட்டு வேறு இடத்தில் தோண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்குக் காலையில், மண்டபத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால், உத்தமன் ரொம்ப வருஷத்துக்குப் பிறகு மாடிப்படி ஏறி வந்தார். கையில் ரேஷன் கார்டும் செல்போனும். கார்டில் ஆள் சேர்க்க வேண்டும் என்றால் குடும்பத் தலைவர் போனுக்குத்தானே ஓ.டி.பி. வரும்? இருபத்திரண்டு வருஷமாக வராத அடுத்த மாசம், அன்றைக்கு ஆறு நம்பராக வந்திருந்தது. கோதண்டம் தன் கையாலேயே அதைத் தட்டினார். லேத்தில் மயிரிழைகூடக் கணக்குப் பிசகாத விரல், இரண்டு தடவை தப்பாக அடித்தது.

சரி, உத்தமனை நினைத்துச் சிரித்துவிட்டீர்கள். ‘நல்லவேளை, நமக்குத் தாத்தா பேருக்கு மேல் தெரியாது, நாம் அந்த ரகம் இல்லை’ என்று நிம்மதியாகவும் இருக்கும். அப்படியானால் ஒன்று செய்யுங்கள். உங்கள் வாசலுக்கு ஒரு டீச்சர் வந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறார். விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டு வாருங்கள். எந்த விரலில் ஒரு நொடி நின்றீர்கள்? அந்த நொடிக்குப் பேர்தான் வம்சம். அதைத் தோண்ட எழும்பூருக்குப் போக வேண்டியதில்லை.

இன்னொன்று. திருமுல்லைவாயில் பக்கம் போனால், கூடத்தில் ஒரு நம்பருக்குப் பொட்டு வைத்திருக்கிற வீட்டைப் பார்த்து, இதையெல்லாம் கேட்டுவிடாதீர்கள். அந்த ஆறு நம்பரை அடித்து முடித்த கையோடு, படி இறங்குவதற்கு முன்னால் உத்தமன் கோதண்டத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு கடைசியாகக் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்:

“மாப்ளே, அந்தப் பதினேழாம் நம்பர் ஊட்டு சமாச்சாரம் மட்டும் நம்ம அடுப்பத் தாண்டி வெளிய பூடாம பாத்துக்க.”